சைக்கிளை விட்டு இறங்காத மேஜர் டெய்லர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் நம் தெருப் பெரியவர்களிடம் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரிடமிருந்தும் ஒரே மாதிரியான கதைதான் வரும். ஊர்த் தெரு வந்ததும் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். தெரு தாண்டியதும் ஏறிக்கொள்ளலாம். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், அரசாங்கம் போட்ட ரோடு, ஆனாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். இப்போது இந்தப் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது என்றாலும், முழுவதுமாகப் போய்விட்டதா என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் மேஜர் டெய்லர். ஏறக்குறைய 125 ஆண்டுகளுக்கு முன் உலகிலேயே வேகமாக சைக்கிள் ஓட்டியவர் அவர். கறுப்பினத்தவர். அவரை இறக்கிவிட ஒரு நாடே முயன்றது.

இயற்பெயர் மார்ஷல் வால்டர் டெய்லர். 1878 நவம்பர் 26 அன்று இண்டியானா மாநிலத்தின் இண்டியானாபோலிஸ் நகரத்தில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தந்தை கில்பர்ட் உள்நாட்டுப் போரில் படைவீரராக இருந்தவர். பிறகு சதர்ட் என்ற வெள்ளைக்காரப் பணக்காரக் குடும்பத்தில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையனுக்கும் மார்ஷலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. விளையாட்டுத் துணையாகப் போன மார்ஷல் அங்கேயே தங்கினார், அந்தப் பையனோடு சேர்ந்து பாடம் படித்தார், நல்ல உடை உடுத்தினார். முதல் சைக்கிளும் அந்த வீட்டில்தான் கிடைத்தது.

அந்த வயதிலேயே ஒரு சுவரும் எதிர்ப்பட்டது. நண்பர்களோடு ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனால், மற்ற பையன்கள் உள்ளே போவார்கள், இவர் மட்டும் வெளியே நின்று பார்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் செல்வாக்கு அந்த வாசலில் செல்லுபடியாகவில்லை. நம் பிள்ளைகளில் சிலருக்கும் இது தெரியும். சேர்ந்து படிக்கலாம், சேர்ந்து கிரிக்கெட் ஆடலாம். ஆனால் கோயில் திருவிழா வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது தனிக் கணக்கு.

சதர்ட் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தபோது மார்ஷல் தன் வீட்டுக்கே திரும்பி, சைக்கிளில் பத்திரிகை போட்டுச் சம்பாதித்தார். சைக்கிளில் வித்தை காட்டுவதையும் தானாகவே பழகிக்கொண்டார். ஒருநாள் பழுது பார்க்கப் போன இடத்தில் அதைப் பார்த்த கடைக்காரர் அங்கேயே வேலை கொடுத்துவிட்டார். கடையைக் கூட்டித் துடைக்க வேண்டும், மாலையில் படைவீரர் உடுப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் வித்தை காட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டும். அந்த உடுப்பைப் பார்த்து ஊரார் வைத்த பட்டப்பெயர்தான் மேஜர். அவர் ஒருநாளும் ராணுவத்தில் இருந்ததில்லை.

அந்தக் கடை நடத்திய 10 மைல் சாலைப் பந்தயத்தில், சும்மா வேடிக்கைக்காக முதலாளி அவரையும் புறப்படும் கோட்டில் நிறுத்தினார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுவான், கூட்டம் சிரிக்கும் என்பது கணக்கு. 10 மைல் என்றால் 16 கிலோமீட்டர், திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரும் தூரம் போல. பெரியவர்களை எல்லாம் பின்னால் விட்டு முதலாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். கடைக் கண்ணாடிக்குள் தினமும் துடைக்கும்போது பார்த்துக்கொண்டிருந்த தங்கப் பதக்கம் அன்று அவர் கைக்கு வந்தது.

அவர் வாழ்க்கையின் இன்னொரு மனிதர் லூயிஸ் மங்கர். முன்னாள் பந்தய வீரர், சைக்கிள் தயாரிப்பாளர், வெள்ளைக்காரர். மார்ஷலை வீட்டு வேலைக்கு வைத்து, கூடவே பயிற்சியும் கொடுத்தார். கறுப்புப் பையனுக்கு இத்தனை இடம் கொடுப்பது அவரோடு தொழில் செய்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. மங்கர் பையனை விடவில்லை.

1895 ஜூன் மாதம் இண்டியானாபோலிஸிலிருந்து மேத்யூஸ் என்ற ஊர் வரை 75 மைல் சாலைப் பந்தயம். 120 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது. கறுப்புப் பையன் வருகிறான் என்று தெரிந்தால் மற்றவர்கள் ஓட்ட மாட்டார்கள் என்பதால், டெய்லர் மறைந்திருந்து, எல்லோரும் கிளம்பிய பிறகு பின்னால் சேர்ந்துகொண்டார். கண்டுபிடித்ததும் வசவும் மிரட்டலும் ஆரம்பித்தன. ஆளில்லாத வழி, இருபுறமும் காடுகரை. பயத்திலேயே அவர் மிதித்த மிதியில் மற்றவர்கள் காணாமல் போனார்கள். பிறகு மழை வேறு. அன்றைக்கு மேத்யூஸ் வரை ஓட்டி முடித்தவர் அவர் ஒருவர்தான். பரிசு என்ன தெரியுமா? அந்த ஊரில் ஒரு வீட்டு மனை. பத்திரத்தைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தார். அப்போது வயது 16.

இதற்கு முந்தைய ஆண்டு, 1894இல், அமெரிக்க சைக்கிள் ஓட்டிகளின் தேசிய சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதியைத் திருத்தியிருந்தது. அப்போது அமெரிக்காவில் சைக்கிள் பந்தயம்தான் பெரிய விளையாட்டு. மரப்பலகை பதித்த வட்ட ஓடுதளங்கள் நகரத்துக்கு நகரம் இருந்தன, ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்றது. அவ்வளவு பணம் புரளும் இடத்தில் கறுப்பினத்தவருக்குக் கதவைச் சாத்தினார்கள். 1896இல் டெய்லர் சொந்த ஊர் ஓடுதளத்தில் போட்டிக்கு வெளியே தனியாக ஓட்டி, அப்போதிருந்த சாதனை நேரத்தை முறியடித்துக் காட்டினார். கிடைத்த பலன், அந்த ஓடுதளத்தில் அவர் இனிக் கால் வைக்கக் கூடாது என்ற தடை.

மங்கர் அதற்குள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்துக்கு அவரை அழைத்துப் போயிருந்தார். அங்கே ஒய்.எம்.சி.ஏ. கதவு அவருக்குத் திறந்தது. வூஸ்டரில் ஜார்ஜ் தெரு என்று செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு, அதில் ஏறி ஏறித்தான் காலுக்கு வலு ஏற்றினார். இப்போதும் அந்த ஏற்றத்தில் அவர் நினைவாகப் போட்டி நடக்கிறது.

1896 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயம். நம் ஊர்ப் பொட்டலில் முன்பெல்லாம் ஒருவர் இரவு பகலாக இறங்காமல் சைக்கிள் விடுவார், மைக் செட்டில் பாட்டு ஓடும், சனம் போய்க் காசு போடும், நினைவிருக்கிறதா? அதையே பந்தயமாக்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாளில் யார் அதிக தூரம் போகிறார்களோ அவருக்குப் பரிசு. முதல் நாள் நடந்த அரை மைல் போட்டியில் அமெரிக்க சாம்பியன் எடி பால்டை டெய்லர் தோற்கடித்தார். பிறகு ஆறு நாள் ஓட்டத்தில் 1,732 மைல் போய் எட்டாவது இடம். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி போகும் சாலை தூரம் ஏறக்குறைய அதுதான். தூக்கமில்லாமல் புத்தி தடுமாறி, யாரோ கத்தியோடு துரத்துவதாக அவருக்குத் தோன்றியதாம். 18 வயதுப் பிள்ளையை அப்படி ஓட வைத்து வேடிக்கை பார்த்த கூட்டத்தை என்ன சொல்ல. அவர் வாழ்நாளில் அப்படியொரு நீண்ட பந்தயத்துக்கு மறுபடி போகவில்லை, குறுந்தூர வேகப் போட்டிதான் தன் களம் என்று முடிவு செய்தார்.

குறுந்தூரப் போட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆடிக் காற்றில் எதிர்முகமாக சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது விளங்கும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்குப் பாதிச் சுமை குறையும். அதனால் கடைசிவரை பின்னால் பதுங்கி, கோடு நெருங்கும்போது பாய்வதுதான் உத்தி. டெய்லர் அதில் தேர்ந்தவர். ஆகவே வெள்ளை வீரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருவர் என்று அவரைக் கூண்டுக்குள் அடைத்தார்கள். யார் ஜெயித்தாலும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வது ஏற்பாடு. முழங்கையால் இடித்தார்கள், வேலிப் பக்கம் தள்ளினார்கள். அவரும் உத்தியை மாற்றினார். ஆரம்பத்திலிருந்தே முன்னால் போய்விடுவது, கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும் சின்ன இடைவெளியில் நுழைந்துவிடுவது. ஒரு கை அகல இடமும் அவருக்குப் போதும் என்று பெயரெடுத்தார்.

1897 செப்டம்பரில் டான்டன் என்ற ஊரில் பந்தயம் முடிந்ததும் பெக்கர் என்ற வீரர் அவரைச் சைக்கிளிலிருந்து இழுத்துக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார். நினைவு திரும்பக் கால் மணி நேரம் ஆனது. பெக்கருக்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதே ஆண்டு தென் மாநில ஓடுதளங்கள் அவருக்கு அனுமதி மறுத்தன. தேசிய சாம்பியன் பட்டம் புள்ளிக் கணக்கில் வருவது. பாதிப் பந்தயங்களில் ஓடவே விடாவிட்டால் புள்ளி எங்கிருந்து வரும்? அடிப்பதைவிடச் சுத்தமான வேலை இது, கையில் ரத்தம் படாது.

இதே 1897 கோடையில் வேறொரு சைக்கிள் பயணமும் நடந்தது, அதிகம் பேர் அறியாதது. அமெரிக்க ராணுவத்தின் 25ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்கள் 20 பேர், ஒரு வெள்ளை அதிகாரியின் கீழ், மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைலைச் சுமார் 40 நாளில் சைக்கிளில் கடந்தார்கள். ரோடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மலை, சேறு, மணல், ரயில் தண்டவாளக் கட்டைகள். நெப்ராஸ்கா மணற்காட்டில் உப்புக்கரித்த தண்ணீரைக் குடித்துப் பலர் நோயில் விழுந்தார்கள். நம் கரிசல்காட்டு ஆட்களுக்கு அந்தத் தண்ணீரின் ருசியை விளக்க வேண்டியதில்லை. இன்று மலைச் சைக்கிள் பந்தயம், சேற்றுப் பந்தயம், சரளைச் சாலைப் பந்தயம் என்று ரோட்டை விட்டு வெளியே எத்தனையோ போட்டிகள் உலகெங்கும் நடக்கின்றன. அவர்களும் அன்று அப்படிப்பட்ட பாதையில்தான் போனார்கள், துப்பாக்கியும் மூட்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பரிசு எதுவும் இல்லாமல்.

1899 ஆகஸ்ட் 10. கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் உலக சாம்பியன்ஷிப். ஒரு மைல் போட்டியில் டெய்லர் முதலாவதாக வந்தார். வயது 20. எந்த விளையாட்டிலும் உலக சாம்பியன் ஆன கறுப்பினத்தவர் அதற்கு முன் ஒருவர்தான், கனடாவில் பிறந்த குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் டிக்சன். அந்த நவம்பரில் சிகாகோவில், காற்றை மறைத்து முன்னே ஓடிய நீராவி வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு மைலை 1 நிமிடம் 19 வினாடியில் கடந்தார். மணிக்கு 73 கிலோமீட்டர் வேகம். நம் ரோட்டில் பஸ் போகும் வேகத்துக்குக் குறைவில்லை.

1900இல் அமெரிக்க சாம்பியன் பட்டமும் வந்தது. அதே ஆண்டு வூஸ்டரில் நல்ல பகுதியில் ஒரு வீடு வாங்கினார். வாங்கியவர் யார் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி, கூடுதல் பணம் தருகிறோம், வீட்டைத் திருப்பிக் கொடு என்றார்கள். அவர் கொடுக்கவில்லை. உலக சாம்பியன் ஆனாலும் வீடு விஷயத்தில் இப்படித்தான். மதுரையிலோ சென்னையிலோ வாடகை வீடு தேடி அலைந்த நம் பிள்ளைகள், அவர்கள் அரசு அதிகாரியாகவே இருந்தாலும், இந்த இடத்தை வேகமாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

ஐரோப்பியப் பந்தய அமைப்பாளர்கள் அவரைத் துரத்தித் துரத்தி அழைத்தார்கள், பெரிய தொகை பேசினார்கள். ஒரே தடை, அங்கே பெரிய பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். டெய்லர் பாப்டிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த தீவிர விசுவாசி, தாய்க்குக் கொடுத்த வாக்கும் இருந்தது, ஞாயிறு ஓட்ட மாட்டார். கடைசியில் ஐரோப்பாக்காரர்கள்தான் இறங்கி வந்தார்கள். 1901இல் அவருக்காக வேறு நாட்களில் பந்தயம் வைத்தார்கள். பாரிஸில் பிரெஞ்சுக்காரர்களின் நாயகனான உலக சாம்பியன் எட்மண்ட் ஜாக்லினோடு மே மாதம் இரண்டு முறை மோதினார். குளிரடித்த முதல் போட்டியில் தோற்றார். ஜெயித்த ஜாக்லின் அவரைப் பார்த்துக் கேலியாகச் சைகை காட்டினார். பதினோரு நாள் கழித்து நடந்த இரண்டாவது போட்டியில் ஜாக்லினைப் பின்னால் விட்ட டெய்லர், இடுப்பில் செருகியிருந்த சின்ன அமெரிக்கக் கொடியை எடுத்து அசைத்தபடி ஓடுதளத்தைச் சுற்றி வந்தார். அவரை ஓடவிடாமல் தடுத்த நாட்டின் கொடி அது. அவர் ஏன் அதை எடுத்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவமதித்தவர்கள் கையில் மட்டும் அந்தக் கொடியை விட்டுவிட அவருக்கு மனமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

1902இல் டெய்சி மோரிஸைத் திருமணம் செய்தார். அந்த ஆண்டின் இறுதியில் இருவரும் ஆஸ்திரேலியா போனார்கள். வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேறுவதைத் தடுக்க அந்த நாடு 1901இல்தான் சட்டம் போட்டிருந்தது. ஆனாலும் சிட்னியில் சனங்கள் அவரைக் கொண்டாடினார்கள். 1904இல் அங்கே பிறந்த மகளுக்கு ரீட்டா சிட்னி என்று பெயர் வைத்தார். ஆனால் இரண்டாவது ஆஸ்திரேலியப் பயணத்தில் அமெரிக்க வெள்ளை வீரர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மெல்பர்னில் அவர்களில் ஒருவர் இடித்துத் தள்ளியதில் டெய்லர் மோசமாகக் காயமடைந்தார். இடித்தவரைப் பந்தயத்திலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். உடல் காயத்தைவிட மனச்சோர்வு பெரிதாக இருந்தது. ஊர் திரும்பியவர் சைக்கிளைத் தொடாமல் சுமார் மூன்று ஆண்டுகள் இருந்தார். 1907இல் பிரான்சில் மீண்டும் ஓட வந்தார். உடம்பு பழைய உடம்பில்லை. 1909இல், பணத்தேவைக்காக, ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினார். 1910இல் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிந்தைய கதை சீக்கிரம் முடிந்துவிடும். பொறியியல் படிக்க ஆசைப்பட்டு வூஸ்டர் பாலிடெக்னிக்கில் விண்ணப்பித்தார். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று இடம் மறுத்தார்கள். வாகனச் சக்கர டயர் செய்யும் தொழிலில் பணம் போட்டு இழந்தார். அவர் காலத்தில் மிக அதிகம் சம்பாதித்த விளையாட்டு வீரர்களில் ஒருவர், வீட்டையும் நகைகளையும் ஒவ்வொன்றாக விற்றார். அண்ணல் அம்பேத்கர் 1913இல் நியூயார்க் வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்டுகளில், அங்கிருந்து சில மணி நேர ரயில் பயணத் தொலைவில் டெய்லர் இப்படித் தேய்ந்துகொண்டிருந்தார். நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்களின் நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி அண்ணல் பின்னாளில், 1946இல், கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

1920களின் இறுதியில் டெய்லர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதித் தன் செலவிலேயே அச்சிட்டார். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் என்ன செய்தார்கள் என்று பெயரோடு எழுதிய புத்தகம். தன்னைத் தாக்கியவர்கள்மீது பகை இல்லை என்றும் அதிலேயே எழுதினார். பகை இல்லாதவர் அத்தனை பெயர்களையும் ஏன் பதிவு செய்தார் என்று சிலர் கேட்கலாம். மன்னிப்பது வேறு, நடந்ததை மறைப்பது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் புத்தகம் மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையின் பாதி இல்லை. புத்தகத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய் விற்றார். மனைவி பிரிந்தார். சிகாகோவில் ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தங்கினார், சிறுவயதில் எந்த அமைப்பின் வாசலில் நின்றாரோ அதே அமைப்பு.

1932 ஜூன் 21 அன்று சிகாகோ அரசு மருத்துவமனையின் இலவசப் பிரிவில் இறந்தார். வயது 53. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. மவுண்ட் கிளன்வுட் கல்லறைத் தோட்டத்தில் ஏழைகளுக்கான பகுதியில், பெயர்ப்பலகை இல்லாமல் புதைத்தார்கள்.

நம் நாட்டிலும் அவருக்கு ஒரு சமகாலத்தவர் உண்டு. பல்வாங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த கிரிக்கெட் பந்துவீச்சாளர். புனேயில் ஆட்டத்துக்கு அவர் வேண்டும், தேநீர் இடைவேளையில் மட்டும் வெளியே தனியாக மண் கோப்பை. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர் அவர்தான். டெய்லரையும் பாலுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

தமிழ்நாட்டில் 2001-02இல் விலையில்லா சைக்கிள் திட்டம் தொடங்கியபோது முதலில் பெற்றவர்கள் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகள். பிறகுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. அப்பா தள்ளிக்கொண்டு போன தெருவில் மகள் பெல் அடித்துக்கொண்டு போனாள். ஒவ்வோர் ஆண்டும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்ட அளவில் மிதிவண்டிப் போட்டி நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். பள்ளிக் கொடுத்த சைக்கிளை வைத்துக்கொண்டு கிளம்பிய பிள்ளைகளும் அதில் ஓடுகிறார்கள். அதற்கு மேலே போனால் வேறு உலகம், பந்தய சைக்கிள் ஒன்றின் விலையே லட்சங்களில். எரித்ரியா நாட்டின் பினியாம் கிர்மாய் 2024இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டையையும் எடுத்தார். அந்தப் பந்தயத்தில் ஒரு கட்டத்தையாவது வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். மான்ட்ரியலில் டெய்லர் ஜெயித்து அதற்குள் 125 ஆண்டு ஓடியிருந்தது.

டெய்லரோடு ஓடிய காலத்துப் பழைய பந்தய வீரர்கள் சிலர் சங்கமாகக் கூடி, 1948இல் அவர் உடலைத் தோண்டியெடுத்து அதே கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடத்தில் மறுபடி அடக்கம் செய்து பலகை பதித்தார்கள். செலவைச் சைக்கிள் நிறுவனத்தார் ஃபிராங்க் ஷ்வின் ஏற்றார். 1982இல் இண்டியானாபோலிஸ் நகரம் புதிதாகக் கட்டிய சைக்கிள் ஓடுதளத்துக்கு மேஜர் டெய்லர் என்று பெயர் வைத்தது. 1894இல் வெள்ளையர் மட்டும் என்று விதி போட்ட சங்கம், அந்த விதியைத் தவறு என்று முறைப்படி ஒதுக்கித் தள்ளியது 1999இல். அப்போது அவர் மகள் ரீட்டா சிட்னி 95 வயதில் உயிரோடு இருந்தார்.